ஸ்டுடியோவும் தெருவும்: தொடக்ககாலப் பிரெஞ்சுப் புகைப்படங்கள் பற்றிச் சில எண்ணங்கள்

பழைய குடும்பப் போட்டோக்களைப் பார்க்கிற பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, “ஏன் எல்லாரும் இப்படி விறைப்பா நிக்கிறாங்க?” என்பதுதான். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாட்டி பக்கத்தில் நின்று நாற்காலி முதுகில் கை வைத்திருப்பார். பின்னால் திரைச்சீலையில் வரைந்த மாடிப்படி, ஓரத்தில் முக்காலி மேல் ஒரு பூச்சாடி. ஒருவர் முகத்திலும் சிரிப்பு இராது. இக்காலத்துப் பிள்ளைகளுக்குப் பிடித்ததோ ‘கேண்டிட்’ என்று அவர்கள் சொல்லும், முன்னறிவிப்பு இல்லாமல் எடுக்கிற படம். ஸ்டுடியோப் படம் செயற்கை, தெருவில் எடுத்தது இயற்கை; ஆகவே முன்னது பொய், பின்னது மெய் என்று தீர்ப்பும் எழுதிவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு நிற்குமா என்பதை, இக்கலை பிறந்து வளர்ந்த பிரான்ஸ் நாட்டின் பழைய படங்களைக் கொண்டு சோதிக்க விரும்புகிறேன். நான் கலை விமர்சகன் அல்லன். மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்றுப் பிழைக்கிறவன். படித்ததையும் பார்த்ததையும் வைத்துச் சொல்கிறேன்.

1839ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் பாரீஸ் அறிவியல் கழகத்தில் அராகோ என்னும் அறிஞர் டாகேரின் கண்டுபிடிப்பை அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 19இல் செய்முறை உலகுக்கு வெளியிடப்பட்டது. வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் ஒளியைப் பதிய வைப்பது அந்த முறை. அதற்கு முந்தின ஆண்டு டாகேர் தன் வீட்டு ஜன்னல் வழியாக ‘புல்வார் து தாம்ப்ள்’ என்ற சாலையைப் படமெடுத்திருந்தார். பகல் நேரம், வண்டியும் குதிரையும் ஆளும் போய்க்கொண்டே இருந்த சாலை. ஆனால் படத்தில் சாலை வெறிச்சோடிக் கிடக்கிறது! தகட்டுக்குப் பல நிமிட வெளிச்சம் வேண்டியிருந்ததால், நகர்ந்தவை எவையும் பதியவில்லை. ஓர் ஓரத்தில் மட்டும் ஒருவர் காலைத் தூக்கி வைத்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொள்வது தெரிகிறது. அவர் அசையாமல் நின்றார், பதிந்தார். புகைப்படத்தில் விழுந்த முதல் மனிதர் அவரே என்று கூறுவர். தான் படமாகிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அப்படிப் பார்த்தால் மனிதரின் முதல் படமே சொல்லாமல் எடுத்த படந்தான். ஆனாலும் அது கிடைத்ததற்குக் காரணம், ஸ்டுடியோவில் உட்காருகிறவரைப் போல அவர் அசையாதிருந்தது.

பிறகு வந்த ஸ்டுடியோக்கள் எல்லாம் அந்த அசையாமையைக் கட்டாயமாக்கின. மேல்மாடியில் கண்ணாடிக் கூரை போட்டு வெயிலை உள்ளே விட்டார்கள். தலை ஆடாமலிருக்க நாற்காலிக்குப் பின்னால் இரும்புத் தண்டு நிறுத்தி, அதன் கவையைப் பிடரியில் கொடுத்தார்கள். சில படங்களில் நிற்பவர் காலுக்குப் பின்னால் அதன் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். ஆகவே விறைப்பு என்பது அந்தக் கால மனிதரின் குணம் அன்று. இரும்புக் கவையின் வேலை. அரை நிமிடம் ஒரே மாதிரிச் சிரித்துக்கொண்டிருக்க யாரால் முடியும்?

டாகேரோடு போட்டியிட்டு அரசாங்கத்தின் பாராமுகத்துக்கு ஆளான பயார் என்பவர் 1840இல் ஒரு வேடிக்கை செய்தார். நீரில் மூழ்கி இறந்தவனாகத் தன்னையே படமெடுத்து, இது பயாரின் பிணம் என்று பின்புறம் எழுதி வைத்தார். கண்ணை மூடிச் செத்தவன் மாதிரி சாய்ந்திருந்தால் அசையாமலிருப்பது எளிதல்லவா! கலை பிறந்த மறு ஆண்டே புகைப்படம் பொய்யும் சொல்லும் என்பது தெரிந்துவிட்டது.

இனித் தெருவுக்கு வருவோம். ஷார்ல் நேக்ரு என்பவர் ஓவியராயிருந்து புகைப்படத்துக்கு வந்தவர். பாரீஸில் சேன் ஆற்றின் நடுவிலுள்ள தீவில், புர்போன் கரையில் குடியிருந்தார். 1851இல் அங்கே எடுத்த படம் ஒன்று மிகவும் புகழ்பெற்றது. புகைபோக்கி சுத்தம் செய்யும் தொழிலாளிகள் மூவர், ஆற்றங்கரைக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நடந்து போகிறார்கள். பார்த்தால் போகிற போக்கில் எடுத்தது போலத் தோன்றும். தெருப் படத்தின் தொடக்கம் என்று இதைக் காட்டுவோரும் உண்டு. ஆனால் அன்றைய காகித நெகடிவில் நடக்கிற ஆளைப் பிடிக்க முடியாது. நடந்தால் புகையாய்க் கலைந்து போவான். நேக்ரு அவர்களை நிறுத்தி, நடப்பது போல ஒரு காலை முன்வைக்கச் சொல்லி, அப்படியே அசையாதிருக்கச் செய்து எடுத்தார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். கூரையில்லாத ஸ்டுடியோ என்று அந்தக் கரையைச் சொல்லலாம். நமக்கு இயற்கையாகத் தெரிகிற நடை, நின்ற நடை.

இதை நான் புத்தகத்தில் படித்தபோது ஆச்சரியப்படவில்லை. எங்கள் பஜார் ரோட்டிலும் சுக்குக் கிடங்குகளிலும் சுற்றுலாக்காரர்கள் காமிராவோடு வருவது வழக்கம். மூட்டை சுமக்கிறவர் ஒரு நடை போய் இறக்கிவிட்டு மூச்சு வாங்கும்போது, “இன்னொரு தரம் தூக்கிக் காட்டுங்க” என்று கையால் சைகை செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே தூக்குவார். தொழிலாளியின் அன்றாட வாழ்வு என்று அந்தப் படம் எங்கேயோ சட்டம் போட்டு மாட்டப்பட்டிருக்கும். அதே ஆள் மகள் கல்யாணத்துக்கு ஸ்டுடியோக்காரர் முன்னால் நிற்கும்போது, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தலைக்கு எண்ணெய், கையில் கடிகாரம். எது அவருடைய மெய்யான படம்? அவரைக் கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வார். தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்று அவர் முடிவு செய்தது அதில்தானே.

ஸ்டுடியோவின் பெருமை அங்கேதான் இருக்கிறது. 1854 நவம்பரில் திஸ்தேரி என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு முறைக்குக் காப்புரிமை பெற்றார். ஒரே கண்ணாடித் தகட்டில் எட்டுச் சிறு படங்கள் வரை எடுத்து, வெட்டி, முகவரிச் சீட்டு அளவு அட்டையில் ஒட்டிக் கொடுப்பது. விலை குறைந்தது. பிரபுக்கள் மட்டும் ஓவியரிடம் உட்கார்ந்த காலம் போய், கடைக்காரரும் குமாஸ்தாவும் தங்கள் முகத்தைத் தாங்களே காசு கொடுத்து வாங்கினார்கள். தூணும் திரையும் பூச்சாடியும் அங்கிருந்துதான் கப்பலேறி உலகமெல்லாம் போயின. தமிழ்நாட்டுச் சிற்றூர் ஸ்டுடியோக்களின் இத்தகைய பழைய படங்களைத் தேடிப் பிரதியெடுத்து வைக்கும் வேலையைப் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு செய்திருக்கிறார்கள். மெய்யோ பொய்யோ, நம் பாட்டன் பாட்டி தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட வார்த்தை அந்தப் படங்களில் இருக்கிறது.

திஸ்தேரிக்கு நேர் எதிர் நாதார். தூணையும் திரையையும் தள்ளிவிட்டு வெற்றுப் பின்னணியில் முகத்தையும் கையையும் மட்டும் நம்பினார். உட்கார்ந்தவரோடு பேசிப் பேசி, அவர் தன்னை மறக்கும் வரை காத்திருப்பார் என்பார்கள். இப்படி ஸ்டுடியோவுக்குள்ளே இயல்பைத் தேடியவரே, 1861 வாக்கில் பாரீஸ் நிலத்தடி எலும்புக் கிடங்குகளை மின்விளக்கு வைத்துப் படமெடுக்கப் போனபோது என்ன செய்தார் தெரியுமா? ஒரு படத்துக்குப் பதினெட்டு நிமிடம் பிடித்தது. அவ்வளவு நேரம் ஆள் நிற்கமாட்டான் என்று பொம்மைகளுக்குத் தொழிலாளி உடை போட்டு நிறுத்தினார். வேலைத்தலம் உண்மை, வேலையாள் பொம்மை!

காலம் மாறியதற்குக் காரணம் ரசனையை விட ரசாயனம். 1880களில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் கடைச் சரக்காயின. லியோன் நகரத்து லூமியேர் குடும்பம் அவற்றைச் செய்து விற்றே செல்வம் சேர்த்தது. நொடியின் சிறு பகுதியே போதும் என்றானது. 1886இல் நூறு வயது நிறைந்த வேதியியல் அறிஞர் ஷெவ்ரேலோடு நாதார் உரையாட, அவர் மகன் போல் பக்கத்திலிருந்து படங்கள் எடுத்துக்கொண்டே இருந்தார். கிழவர் கை நீட்டுகிறார், கண்ணைச் சுருக்குகிறார், எழுதுகிறார். உலகின் முதல் படப் பேட்டி என்று இதைக் கூறுவர். இரும்புக் கவைக்கு அங்கே வேலையில்லை.

அதே லூமியேர்கள் 1895இல் தங்கள் தகட்டுத் தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியேறுவதைச் சலனப்படமாக எடுத்தார்கள். அதற்கு மூன்று பதிப்புகள் உண்டு. ஒன்றில் வண்டிக்கு ஒரு குதிரை, ஒன்றில் இரண்டு, ஒன்றில் குதிரையே கிடையாது. ஆக, அந்தத் தொழிலாளிகள் காமிராவுக்காக மூன்று முறையாவது ‘வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்’. எங்கள் கிடங்குக்காரர் இன்னொரு தரம் மூட்டை தூக்கியது போல.

ஆகவே இயற்கை, செயற்கை என்று பிரிப்பதில் பொருள் அதிகமில்லை. எனக்குப் படுவது, முகம் யாருடைய இசைவோடு எடுக்கப்பட்டது என்பதே கேள்வி. இந்தக் கேள்வியையும் முதலில் நீதிமன்றம் ஏற்றியவர்கள் பிரெஞ்சுக்காரர்கள் எனலாம். ராஷேல் என்ற பெரும் நடிகை 1858 ஜனவரியில் காலமானார். மரணப் படுக்கையில் அவரைப் படமெடுக்க அவர் சகோதரி ஏற்பாடு செய்தார். வெளியிடக் கூடாது என்பது நிபந்தனை. ஆனால் அதைப் பார்த்து வரைந்த சித்திரம் ஒன்று விற்பனைக்கு வந்துவிட்டது. சகோதரி வழக்குத் தொடுத்தார். அந்த ஆண்டு ஜூன் 16ஆம் நாள் பாரீஸ் நீதிமன்றம், குடும்பத்தாரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் மரணப் படுக்கையில் கிடப்பவரின் முகத்தை யாரும் வெளியிடலாகாது என்று தீர்ப்பளித்தது. தன் உருவத்தின் மேல் ஒருவருக்குள்ள உரிமை என்று இன்று பிரெஞ்சுச் சட்டம் பேசுவதற்கு இதுவே வேர் என்பர்.

தெருவில் இரண்டு விதம் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். அத்ஜே என்பவர் 18க்கு 24 சென்டிமீட்டர் கண்ணாடித் தகடுகளையும் கனத்த பெட்டிக் காமிராவையும் தோளில் சுமந்து பாரீஸ் தெருத்தெருவாக அலைந்தவர். கூடை விற்கிறவர், குடை விற்கிறவர் போன்ற சில்லறை வியாபாரிகளை நேராக நிறுத்தி எடுத்தார். அவர்களும் நம்மை நேராகப் பார்க்கிறார்கள். மற்றவர் லார்த்தீக், வசதியான வீட்டுப் பையன், சிறு வயதிலேயே காமிரா கிடைத்து, அண்ணன் குதிப்பதையும் மோட்டார் வண்டி ஓடுவதையும் எடுத்துத் தள்ளினார். விளையாட்டான படங்கள், பார்க்க இன்பம். வியாபாரி என்பதாலோ என்னவோ, என் மனம் அத்ஜேயிடம்தான் போகிறது.

இந்த இரண்டாவது வழியின் உச்சம் ஆன்ரி கார்த்தியே பிரெஸ்ஸோன். கைக்கு அடக்கமான லைக்கா காமிரா வைத்திருந்தார். 1952இல் வந்த அவர் புத்தகத்துக்கு ஆங்கிலத்தில் ‘தீர்மானமான கணம்’ என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுப் பெயரின் பொருள் வேறு. உரிமம் இல்லாமல் தெருவில் கடை விரித்து, போலீஸ் தலை தெரிந்தால் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவனைக் குறிக்கும் சொல் அது; ‘அவசரமாய், திருட்டுத்தனமாய்’ என்று வைத்துக்கொள்ளலாம். எங்கள் சமண நெறியில் களவுக்கு ‘அதத்தாதானம்’ என்று பெயர், அதாவது கொடுக்கப்படாததை எடுப்பது. பூட்டை உடைத்தால்தான் களவு என்பதில்லை. தெருப்படக்காரர் தம் தொழிலின் இந்தக் குற்ற உணர்வைத் தலைப்பிலேயே வைத்தது எனக்கு மரியாதையாகத் தோன்றுகிறது.

அவர் தமிழ் நிலத்துக்கும் வந்தார். 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமண மகரிஷி சமாதி அடைந்த ஏப்ரல் 14ஆம் நாள் இரவும் அங்கேதான். அங்கிருந்து புதுச்சேரி போனார். அரவிந்தர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக யாரையும் படமெடுக்க விட்டதில்லை. ஆண்டில் நான்கு தரிசன நாட்களில் மட்டும் வெளியாருக்குக் காட்சி தருவார். இங்கே தெருவும் இல்லை, திருட்டுத்தனமும் செல்லாது. கேட்க வேண்டியிருந்தது. பாரீஸில் பிறந்த அன்னையின் அனுமதி கிடைத்து, ஏப்ரல் 24ஆம் நாள் தரிசனத்தையும், மறுநாள் அரவிந்தரை அவர் அறையிலும் எடுத்தார். நாற்காலியில் அமர்ந்த பெரியவர், நேரான பார்வை. பத்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தும் அவர் கண் இமைக்கவேயில்லை என்று கார்த்தியே பிரெஸ்ஸோன் குறித்து வைத்திருக்கிறார். நொடியைப் பிடிக்கப் பழகியவர் முன்னால் நொடியே நகராமல் நின்றிருக்கிறது. டாகேரின் தகடு கூட அவரைப் பதித்திருக்கும். அந்த ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் அரவிந்தர் மறைந்தார்.