கல்லீரல், இதயம் மாற்றியவர்களுக்கு கிட்னி பாதிப்பது ஏன்? மாத்திரையை நிறுத்தலாமா?

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். திடீரென ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவு ஏறியிருக்கும். "கிட்னி நல்லாத்தானே இருந்துச்சு?" என்று குடும்பமே குழம்பும். இதற்கு ஒரு முக்கியக் காரணம், புதிய உறுப்பைக் காப்பாற்றும் அதே மாத்திரைதான்.

எந்த மாத்திரை?

மாற்றிப் பொருத்திய உறுப்பை உடல் வெளியாளாக நினைத்துத் தாக்கும். அதைத் தடுக்க, நோய் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்துகளைத் தினமும் சாப்பிட வேண்டும். அதில் முக்கியமானவை டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின்.

கிட்னியில் என்ன நடக்கிறது?

இந்த மருந்துகள் கிட்னிக்குள் ரத்தம் கொண்டு போகும் நுண்ணிய குழாய்களைச் சுருக்குகின்றன. ரத்தம் குறைந்தால் வடிகட்டும் வேலையும் குறையும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து டோஸைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும். வருடக்கணக்கில் தொடர்ந்தால் கிட்னியில் தழும்பு விழும். அது நிரந்தர பாதிப்பு.

1990 முதல் 2000 வரை அமெரிக்காவில் கிட்னி அல்லாத பிற உறுப்புகளை மாற்றிக்கொண்ட 69,321 பேரை ஆராய்ந்ததில், 16.5 சதவீதம் பேருக்கு நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஏற்பட்டது தெரியவந்தது. மருந்தோடு சர்க்கரை நோய், பிபி, வயது ஆகியவையும் காரணம்.

அப்போ நிறுத்திடலாமா?

கூடவே கூடாது. தானாக நிறுத்தினால் புதிய உறுப்பையே இழக்க நேரிடலாம். டோஸைக் குறைப்பதா, மைக்கோபெனோலேட், எவரோலிமஸ் போன்ற மருந்துகளைச் சேர்ப்பதா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கவனிக்க வேண்டியவை

* மருந்து அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அன்று, ரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும். முன்னாடியே போட்டால் அளவு தப்பாகக் காட்டும்.
* மூட்டுவலி, தலைவலிக்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோஃபென் வாங்கிப் போடாதீர்கள். கிட்னிக்கு இரட்டை அடி.
* கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல் போன்றவை ரத்தத்தில் மருந்தின் அளவை ஏற்றிவிடும். காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். எந்த டாக்டரிடம் போனாலும், "உறுப்பு மாற்றியிருக்கேன்" என்று முதலிலேயே சொல்லுங்கள்.
* பம்ளிமாஸ், கிரேப்ஃப்ரூட் பழங்களைத் தவிர்க்கவும்.
* வயிற்றுப்போக்கு நீடித்தால் உடனே தெரிவியுங்கள். அப்போது டாக்ரோலிமஸ் அளவு கூடலாம்; உடலில் நீரும் வற்றும்.

கிட்னி பாதிப்பு ஆரம்பத்தில் வலியோ வீக்கமோ காட்டாது. அதனால் உடம்பு நல்லா இருக்கு என்று பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது.