ஏழரை மணி சிரப், பன்னிரண்டு மணி போன்

நாலு வருஷம் முன்னாடி ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பையனுக்கு அப்போ ரெண்டேகால் வயசு. தெர்மாமீட்டர் 100.8 காட்டியது. எனக்கு அன்னிக்கு ரிலீஸ், மனைவிக்கு லீவு தீர்ந்துபோயிருந்தது. ஏழரைக்கு பாரசிட்டமால் சிரப் கொடுத்து, எட்டரைக்கு பக்கத்துத் தெருவில் குழந்தைகளைப் பார்த்துக்கற அக்கா வீட்டில் விட்டேன். "ராத்திரி நல்லா தூங்கினானா தம்பி?"ன்னு கேட்டாங்க. "ம்ம்" என்றேன்.

பன்னிரண்டுக்கு போன். "தம்பி, உடம்பு கொதிக்குது."

இதில் மர்மம் இல்லை. பாரசிட்டமால் சூட்டைத்தான் இறக்கும், கிருமியை ஒன்றும் செய்யாது. அதன் வேலை நாலிலிருந்து ஆறு மணி நேரம். ஏழரையோடு நாலரையைக் கூட்டிப் பாருங்க.

அந்த வாரக் கடைசியில் அதே வீட்டுக்கு வர எட்டு மாசப் பாப்பாவை மூச்சிரைப்போடு ஆஸ்பத்திரியில் சேர்த்தாங்க. மூணு நாள். என் பையனிடமிருந்துதான் போச்சா என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. ஆனா அந்த "ம்ம்" என்னை விடலை. அதுக்கப்புறம் படிச்சு எடுத்த குறிப்புகள் இவை. நான் டாக்டர் இல்லை, பி.இ. படிச்சவன். அதை மனசுல வச்சுக்கிட்டு படிங்க.

வீட்டுக்கு அனுப்பினா தொற்று நின்னுடுமா?

முழுசா நிற்காது. சின்னம்மை, கொப்புளம் தெரியறதுக்கு ஒண்ணு ரெண்டு நாள் முன்னாடியே பரவ ஆரம்பிச்சுடும். தட்டம்மை நாலு நாள் முன்னாடி. 2022-ல் கேரளாவில் 'தக்காளிக் காய்ச்சல்'னு பேப்பர்ல வந்ததே, அந்தக் கை-கால்-வாய் நோய்க் குடும்பத்தில், குழந்தை தேறின பிறகும் வைரஸ் மலத்தில் வாரக்கணக்கில் வெளியேறும். நமக்குத் தெரியறப்போ பாதி வேலை முடிஞ்சிருக்கும்.

அப்போ எதுக்கு வீட்டில் வச்சுக்கணும்? அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் மூணு கேள்வி கேட்கச் சொல்லுது. குழந்தையால் வழக்கம்போல் விளையாட, சாப்பிட முடியுதா? மற்ற குழந்தைகளை விட்டுடாமல் இவனைக் கவனிக்க அங்கே ஆள் இருக்கா? மற்றவர்களுக்குக் கெடுதல் செய்யும் தொற்றா?

வீட்டு டேகேரில் ரெண்டாவது கேள்விதான் முக்கியம். அக்கா ஒருத்தர், குழந்தைகள் ஆறு. காய்ச்சல்காரன் மடியிலேயே இருந்தா மற்ற அஞ்சு பேரை யார் பார்ப்பாங்க?

எதுக்கு நிறுத்தணும், எதுக்கு வேண்டாம்

பச்சையா சளி ஒழுகறது மட்டும் காரணமில்லை. சாதாரண ஜலதோஷத்திலேயே மூக்குச்சளி நிறம் மாறும். ஒரு நாளில் ரெண்டு தடவைக்கு மேல் வாந்தி, டயப்பருக்குள் நிற்காத பேதி, மலத்தில் ரத்தம், மூச்சு வாங்கறது, துவண்டு கிடக்கறது, இதுக்கெல்லாம் வீடுதான். மூணு மாசத்துக்குள் இருக்கும் குழந்தைக்கு 100.4 வந்தாலே டேகேர் பேச்சே இல்லை, உடனே டாக்டர்.

நம்ம ஊரில் அம்மை போட்டா தலைக்குத் தண்ணி ஊத்தினதும் 'இறங்கிடுச்சு'னு கணக்கு. டேகேருக்கு அந்தக் கணக்கு பத்தாது. கடைசிக் கொப்புளமும் காய்ந்து பொருக்கு தட்டியிருக்கணும். தண்ணி ஊத்தற நாளில் முதுகையும் தலைமுடிக்குள்ளேயும் ஒரு தடவை பாருங்க.

இன்னொண்ணு: பேதி, கை-கால்-வாய் நோய் வைரஸ்களில் பலதுக்கும் சானிடைசர் சரியா வேலை செய்யாது. டயப்பர் மாத்தினதும் சோப்பு, ஓடுற தண்ணி, 20 விநாடி.

விதியைவிட முக்கியமானது

பாப்பா வீடு திரும்பின பிறகு அக்காகிட்ட போய் உண்மையைச் சொன்னேன். திட்டலை. "சொல்லியிருந்தா அவனை முன்ரூம்ல படுக்க வச்சிருப்பேனே. பாப்பா பக்கத்துல விட்டிருக்க மாட்டேனே தம்பி"ன்னாங்க. அவ்வளவுதான். அது திட்டைவிட அதிகமா உறைச்சுது.

அதுவரை அங்கே ஒரே விதி: 'காய்ச்சல்னா வரக்கூடாது.' கேட்க நல்லா இருக்கும். ஆனா லீவு இல்லாத பெற்றோருக்கு அது பொய் சொல்லக் கற்றுக்கொடுக்கும். அக்காவுக்கும் தினக்கணக்கில் காசு. குழந்தை வரலைன்னா வருமானம் போச்சு. அதனால் அவங்களும் ரொம்பத் துருவமாட்டாங்க. ரெண்டு பக்கமும் தெரியாத மாதிரி இருப்போம்.

இப்போ அவங்க ஃப்ரிட்ஜில் நாலு வரி ஒட்டியிருக்கு. மருந்து கொடுத்திருந்தா என்ன மருந்து, எத்தனை மணிக்குன்னு சொல்லணும், சொன்னவரைத் திட்டமாட்டேன். மருந்து இல்லாமல் 24 மணி நேரம் காய்ச்சல் வராமல் இருந்தா திரும்ப அனுப்பலாம். நான் போன் பண்ணினா ஒரு மணி நேரத்தில் யாராவது வந்து கூட்டிட்டுப் போகணும், அது யாருன்னு இப்பவே எழுதிக் கொடுங்க. பணம் மாசக்கணக்கில்.

நாலாவது வரிக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லாத மாதிரி தெரியும். ஆனா அதனால்தான் அக்காவால் காலையில் வாசலில் நின்னு "இன்னிக்கு வேண்டாம் தம்பி"ன்னு சொல்ல முடியுது.

உங்க குழந்தையை விடற இடத்தில் 'காய்ச்சல் வந்தா என்ன செய்வீங்க?'ன்னு கேளுங்க. கூடவே, போன் வந்தா யார் போறதுன்னு வீட்டில் இன்னிக்கே பேசி முடிவு பண்ணுங்க. காலை ஏழரைக்கு, கையில் சிரப்போடு நின்னுக்கிட்டு எடுக்கற முடிவு சரியா வராது. அனுபவம்.