காத்தான்குடிக்கு எத்தனை வாவி வேண்டும்?

சூரியன் எழும் கரை எழுவான்கரை, படும் கரை படுவான்கரை. மட்டக்களப்பு வாவியின் இரு பக்கங்களுக்கும் நம் முன்னோர் இட்ட பெயர்கள் இவை. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் இடையே ஒடுங்கிக் கிடக்கும் மணல்தரையில் இருக்கிறது காத்தான்குடி. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் இங்கு 40,000 பேருக்கு மேல். நிலமோ ஒரு சில சதுர கிலோமீற்றர்தான். நெல் விதைக்க இடம் ஏது? அரிசி அக்கரையிலிருந்துதான் வந்தது. என் மூத்தம்மா அரிசி களையும்போதே அது எந்தப் பக்கத்து வயல் நெல் எண்டு சொல்லுவா.

இன்று எங்கள் வீட்டுக் கோதுமை மாவும் பருப்பும் எந்த நாட்டு மண்ணில் விளைந்தவை என்று யாருக்கும் தெரியாது. மூத்தம்மாவுக்குத் தெரிந்திருந்த அந்த விஷயத்தைக் கணக்காகத் திருப்பித் தருவதுதான் 'சூழலியல் அடிச்சுவடு' என்னும் அளவீடு. 1990களின் தொடக்கத்தில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் வில்லியம் றீஸும் அவருடைய மாணவர் மதிஸ் வாக்கர்நாகலும் இதை உருவாக்கினார்கள். (தமிழ் படித்தவன் என்ற முறையில் ஒரு குறை: 'அடிச்சுவடு' என்றால் நடந்துபோன தடம் மட்டும்தான் மனதில் வருகிறது. 'பற்று வரவு' என்றிருந்தால் நம் கடைக்காரர்களுக்கே விளங்கியிருக்கும்.)

கணக்கு இதுதான். ஒருவர் உண்பதை விளைவிக்க எவ்வளவு வயல், மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர்ப்பரப்பு வேண்டும்? பலகைக்கும் கடதாசிக்கும் எவ்வளவு காடு? வீடும் வீதியும் எவ்வளவு நிலத்தை மூடுகின்றன? அவர் எரிக்கும் எரிபொருளின் கரியமில வாயுவை உறிஞ்ச எவ்வளவு காடு? எல்லாவற்றையும் சராசரி விளைச்சல் தரும் நிலமாக மாற்றி, 'பூகோள ஹெக்டேயர்' என்ற ஒரே அலகில் கூட்டுகிறார்கள். மறுபக்கத்தில், பூமி ஒரு வருடத்தில் திரும்ப உண்டாக்கக்கூடியது எவ்வளவு என்று பார்க்கிறார்கள். ஆளுக்கு ஏறத்தாழ 1.5 ஹெக்டேயர் வருகிறது. உலக மனிதர் சராசரியாக எடுப்பதோ சுமார் 2.6. வருடம் முழுவதற்குமான பங்கு 2025இல் ஜூலை 24ஆம் திகதியோடு முடிந்துவிட்டது என்று அறிவித்தார்கள்.

இருப்பதைவிட அதிகமாக எப்படி எடுக்க முடியும்? வாவியைப் பார்த்தால் விளங்கும். குஞ்சு மீனையும் சினை மீனையும் சேர்த்து அள்ளினால் இந்த வருடம் கூடை நிறையும். அது வட்டியல்ல, முதல். உலகம் 1970களிலிருந்து இப்படி முதலைத் தின்றுகொண்டிருக்கிறது.

இலங்கையர் ஒருவரின் சராசரி, உலகப் பங்கைவிடக் குறைவு: ஒரு ஹெக்டேயருக்குச் சற்று அதிகம். வசதிக்காக ஒன்று என்றே வைப்போம். காத்தான்குடியின் 40,000 பேருக்கு 40,000 ஹெக்டேயர் தேவை. முழு வாவியின் பரப்பே சுமார் 14,000 ஹெக்டேயர். ஆக, மூன்று வாவியளவு இடத்தில் நாங்கள் வாழ்கிறோம். அதில் பெரும்பகுதியைக் கண்ணால் கண்டதேயில்லை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. எந்தப் பட்டினமும் பிறத்தியான் வயலில்தான் சாப்பிடுகிறது.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தங்கூசி வலை 2006இலேயே தடைசெய்யப்பட்டது என்று ஒரு வார்த்தை விட்டேன். பின்வரிசைப் பையன் எழும்பினான்.

“அப்ப எங்கட வாப்பா வலை போடாம உட்டா நாங்க என்னத்தச் சாப்பிடுற, சேர்?”

“சட்டம் சட்டம்தான் மனே, இரி” என்று சொல்லி இருத்திவிட்டேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

ஏனென்றால், நான் படிப்பித்த கணக்கின்படி அவன் வாப்பா ஒரு குற்றமும் செய்யவில்லை. உலக அடிச்சுவட்டில் சுமார் 60 வீதம் கரியமில வாயுவால் வருவது. இயந்திரமில்லாத் தோணியில் போகிறவருக்கும், மூன்று அறைக்கு ஏசி பூட்டியவருக்கும் சேர்த்துத்தான் அந்தச் சராசரி. ஆனால் வாவி சராசரி பார்ப்பதில்லை. அதற்குக் கண்ணறையின் அளவுதான் கணக்கு.

அடிச்சுவடு காணாதது இன்னும் உண்டு. வயல் உரம் மழையோடு வாவிக்கு வருவதும், கரையில் நாம் கொட்டும் பிளாஸ்டிக்கும் அதில் சேராது. 2009இல் யொஹான் றொக்ஸ்ட்ரோம் குழுவினர் பூமிக்கு ஒன்பது எல்லைகள் வகுத்தபோது நைதரசனையும் பொசுபரசையும் அதில் சேர்த்தார்கள். அந்த எல்லை தாண்டப்பட்டுவிட்டது. ஆற்றுவாழை மூடிய நீரில் தோணி தள்ளுகிறவனுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த கிழமை, வீட்டில் ஒரு நாளில் சமைத்த ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று எழுதிவரச் சொன்னேன். அநேகமான தாள்களில் ‘கடை’ என்றே இருந்தது. அந்தப் பையன் மட்டும், வாப்பா வலை விட்ட இடம், நேரம், கிடைத்த மீன், விற்றது போக வீட்டுக்கு வந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தான். கடைசியில், “போன வருசம் இதே இடத்தில இதைவிடப் பெரிசு பட்டது எண்டு வாப்பா சொன்னார்” என்று இருந்தது.