அழுகுணி ஆட்டக்காரனை என்ன செய்வது?

தாயக்கட்டையை உருட்டுவான். விழுந்தது பிடிக்காவிட்டால், "கட்டை சாய்ந்து விட்டது, மறுபடியும் போடுகிறேன்" என்பான். தோற்கப் போகிறோம் என்று தெரிந்தால் காய்களைக் கலைத்து விட்டு எழுந்து போய்விடுவான். அவனுக்கு நம் பக்கத்தில் ஒரு பெயர் உண்டு. அழுகுணி ஆட்டக்காரன்!

இவன் எல்லா நாட்டிலும் இருக்கிறான். அமெரிக்காவில் பிறந்த ஓர் ஆட்டத்தில் இவனுடைய தொல்லை தாங்காமல், இவனை அடக்கும் வழியை விதிப் புத்தகத்திலேயே அச்சிட்டு விட்டார்கள்!

செருப்புத் தைத்தவர் செய்த ஆட்டம்

அந்த ஆட்டத்தின் பெயர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்'. பாதாளச் சிறைகளும் பறக்கும் நாகங்களும் என்று பொருள் கொள்ளலாம். 1974-ம் ஆண்டு வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் சேர்ந்து உருவாக்கினார்கள்.

கைகாக்ஸ் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர். 1970-ல் வேலை போயிற்று. விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிறிய ஊரில், வீட்டில் இருந்தபடியே செருப்புத் தைத்தார். முதலில் அச்சிட்டது 1,000 பிரதிகள்தான். ஒரு பெட்டி, அதற்குள் மூன்று சிறு புத்தகங்கள். விலை 10 டாலர்.

ஆடும் விதம் விசித்திரமானது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்லி. அவர்தான் நடுவரும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக் கொள்வார்கள். ஒருவர் போர் வீரன், ஒருவர் மந்திரவாதி.

"குகையின் வாயில் அடைத்திருக்கிறது. உள்ளே உறுமல் கேட்கிறது" என்பார் கதை சொல்லி. "நான் கதவை உடைக்கிறேன்" என்பார் ஒருவர். உடைந்ததா, இல்லையா என்பதைப் பகடை சொல்லும். 20 முகம் கொண்ட பகடையும் இதில் உண்டு!

இந்த ஆட்டத்தில் ஜெயித்தவன், தோற்றவன் என்பது கிடையாது. எல்லோரும் ஒரே கட்சி. ஒரே கதை மாதக் கணக்கில், ஏன், வருடக் கணக்கில்கூட நடக்கும். ஆகவே ஒருவன் கெடுத்தால் ஒரு நாள் ஆட்டம் மட்டும் கெடுவதில்லை. பல மாத உழைப்பும், அதோடு சிநேகமும் கெட்டுப் போகிறது.

திருடனும் வந்தான், தர்ம வீரனும் வந்தான்

1975-ல் 'கிரேஹாக்' என்ற துணைப் புத்தகம் வந்தது. அதில் இரண்டு புதிய பாத்திரங்கள். ஒன்று திருடன். மற்றொன்று 'பாலடின்' என்னும் தர்ம வீரன்.

திருடன் பாத்திரம் எடுத்தவர்களில் சிலர், எதிரியின் புதையலை விட்டுவிட்டுக் கூட வந்தவனின் பையிலேயே கை வைத்தார்கள்! கேட்டால், "நான் திருடன். திருடன் திருடத்தானே செய்வான்?" என்று பதில்.

தர்ம வீரனால் வந்தது வேறு விதமான தொல்லை. அவனுக்கு விதிகள் கடுமை. 1978-ல் வந்த புத்தகத்தின்படி, தெரிந்தே மனமார ஒரு தீய செயல் செய்தால் அவன் அந்தப் பட்டத்தை நிரந்தரமாக இழந்து விடுவான். தீயவர்களோடு சேரவும் கூடாது. இதைப் பிடித்துக் கொண்டு, "நீ செய்தது பாவம், இவன் செய்தது பாவம்" என்று மேஜை முழுவதையும் விரட்டிய தர்ம வீரர்கள் உண்டு.

ஒன்பது குணங்கள்

பாத்திரத்தின் குணத்தையும் எழுதி வைப்பது இந்த ஆட்டத்தின் தனிச் சிறப்பு. முதலில் மூன்றே குணங்கள்: ஒழுங்கு, நடுநிலை, குழப்பம். 1978-ல் நன்மை, தீமை என்பதையும் சேர்த்து ஒன்பது கட்டங்கள் ஆக்கினார்கள். சட்டத்தை மதிக்கும் நல்லவன் உண்டு. சட்டத்தை மதிக்காத நல்லவனும் உண்டு. சட்டத்தை மதித்துக் கொண்டே கொடுமை செய்பவனும் உண்டு!

எழுதியபடி நடக்காதவனுக்குத் தண்டனை இருந்தது. 1979-ல் வந்த நடுவர் புத்தகத்தின்படி, குணம் மாறினால் சம்பாதித்த தகுதியில் ஒரு படி இறங்க வேண்டும். ஆபீஸில் பதவி இறக்குகிற மாதிரி!

இங்கேதான் சண்டை மூண்டது. சரணடைந்த எதிரி ஒருவன் கைகட்டி நிற்கிறான் என்று வைத்துக் கொள்ளுங்கள். விட்டு விட்டால் நாளை படையோடு வருவான். வெட்டி விட்டால் அது தர்மமா? தர்ம வீரன் என்ன செய்ய வேண்டும்? மணிக் கணக்கில் வாதம் நடக்கும். நடுவர் ஒரு தீர்ப்புச் சொல்வார். ஆடியவர் ஒப்புக் கொள்ள மாட்டார். ஆட்டம் நின்று விடும்.

உண்மையில் இந்த வாதம்தான் ஆட்டத்தின் ருசி. வாதம் தப்பில்லை. நடுவர் முன்னறிவிப்பு இல்லாமல் தண்டிப்பதுதான் தப்பு. "இதைச் செய்தால் உன் விரதம் முறிந்து விடும், செய்கிறாயா?" என்று ஒரு வார்த்தை முதலில் கேட்டு விட்டால் பாதிச் சண்டை தீர்ந்து போகும் என்பது அனுபவசாலிகள் கண்ட வழி.

நீல மின்னல்

வேண்டுமென்றே கெடுப்பவனை என்ன செய்வது? 1979-ம் ஆண்டுப் புத்தகத்தில் கைகாக்ஸ் சொன்ன யோசனைகள் வேடிக்கையானவை. அவன் பாத்திரத்தின் தலையில் வானத்திலிருந்து நீல மின்னலை இறக்கலாம். அவனுடைய வசீகரத்தில் ஒரு புள்ளியைக் குறைக்கலாம். அதற்கும் அடங்காவிட்டால், அடுத்த முறை அவனைக் கூப்பிடாமல் விட்டு விடலாம்.

மின்னல் வைத்தியம் பலிக்கவில்லை. காரணம் எளிது. கோபம் ஆள் மேல், அடி விழுவது பாத்திரத்தின் மேல். அடி வாங்கியவன் திருந்துவதில்லை. அதையும் ஆட்டமாக எடுத்துக் கொண்டு மறுபடியும் முறுக்குவான்.

கெடுப்பவன் சொல்லும் சாக்கு ஒன்றுதான். "நான் என்ன செய்யட்டும்? என் பாத்திரத்தின் குணம் அப்படி!" அந்தக் குணத்தைத் தேர்ந்தெடுத்தது யார்? அவன்தானே! திரையில் எத்தனை கொடுமை செய்தார் நம்பியார்! நிஜ வாழ்வில் அவர் ஐயப்ப பக்தர். வில்லனாக நடித்தார் என்பதற்காக, உடன் நடித்தவர்களின் மணிபர்ஸில் அவர் கை வைக்கவில்லை. தீய பாத்திரமும் மேஜையில் இருக்கலாம். ஆனால் அதை ஆடுகிறவன், கூட இருப்பவர்களின் மகிழ்ச்சிக்கும் பொறுப்பாளி.

இப்போது என்ன செய்கிறார்கள்?

விதிகள் தளர்ந்து விட்டன. 2008-ல் ஒன்பது குணங்களை ஐந்தாகக் குறைத்தார்கள். 2014-ல் ஒன்பதும் திரும்பி வந்தன. ஆனால் பழைய கெடுபிடி இல்லை.

அதற்குப் பதில் பேச்சு வந்திருக்கிறது. கதை தொடங்கும் முன் ஒரு நாள் கூடுகிறார்கள். பகடை உருட்டுவதில்லை. நமக்குள் திருடலாமா, கூடாதா? எந்த விஷயம் கதையில் வரவே கூடாது? நேரத்துக்கு வராதவனை என்ன செய்வது? எல்லாவற்றையும் அன்றே பேசி முடித்து விடுகிறார்கள். 2020-ல் வந்த அதிகாரப்பூர்வமான புத்தகம் ஒன்றே இதை விளக்குகிறது.

2013-ல் ஜான் ஸ்டாவ்ரோபோலஸ் என்பவர் இன்னொரு வழி சொன்னார். மேஜை நடுவில் 'எக்ஸ்' எழுத்துப் போட்ட அட்டை ஒன்றை வைக்க வேண்டும். கதை யாருக்காவது மனத்தை வருத்தினால் அந்த அட்டையைத் தொட்டால் போதும். காரணம் கேட்காமல் அந்தக் கட்டத்தை விட்டு விடுவார்கள்.

அப்படியும் ஒருவன் தொல்லை தந்தால்? கதைக்குள் செய்த தவறுக்குக் கதைக்குள்ளேயே பலன் வரட்டும். திருடனைக் காவலர் பிடிக்கட்டும். ஆனால் ஆள் செய்யும் தவறுக்கு, ஆட்டத்தை நிறுத்தி, அவனைத் தனியே கூப்பிட்டு, "உன்னால் இன்னாருக்கு வருத்தம்" என்று நேராகச் சொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்னால் வீம்புதான் வளரும். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால், கைகாக்ஸ் சொன்ன கடைசி வழி இருக்கவே இருக்கிறது.

ஒரே அறையில் நாலு பேர் தங்கி, ஞாயிற்றுக்கிழமை சீட்டுக் கட்டைப் பிரிக்கிறவர்களுக்கு இது புதிய பாடம் அல்ல. மனத்தில் வைத்துக் கொண்டு மறைமுகமாகப் பழி வாங்கினால் அறையே இரண்டாகி விடும். முகத்துக்கு நேரே சொன்னவனோடு அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் உட்கார்ந்து ஆடலாம்.