நிற்பது வேறு, நடப்பது வேறு!

"நாள் பூரா நின்னுக்கிட்டே வேலை செய்யறேன், எனக்கு எதுக்குத் தனியா நடை?" எங்கள் எம்.கே.பி. நகரில் இப்படிக் கேட்காத பெண் இல்லை. மூச்சு சற்று வாங்க, ஆனால் பேச முடிகிற வேகத்தில் விடாமல் நடந்தால்தான் சகோதரிகளே, தசைகள் ரத்தத்திலுள்ள சர்க்கரையை நன்றாக இழுத்துச் செலவழிக்கும்.

பக்கத்து ராயபுரத்திலேயே இதைக் கணக்கெடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 1954-ல் டாக்டர் எம். விசுவநாதன் அங்கே தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையில், டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை எட்டிப் பார்க்கும் நிலையிலிருந்த 531 பேரைக் கவனித்து, 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கப்படி இருந்தவர்களில் 3 ஆண்டில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்துவிட்டது. தினம் அரை மணி நடை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று பழக்கப்படுத்தியவர்களில் 39 பேருக்குத்தான். மாத்திரை தந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே பலன்தானாம்!

வியாதி வந்தவர்களும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நடக்கலாம். ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றோடு கிளம்பாதீர்கள். இடுப்பில் ஒரு குளுகோஸ் பொட்டலம் செருகிக்கொள்ளுங்கள். படபடப்பு, வியர்வை என்றால் உடனே வாயில் போட வேண்டும். கால் மரத்துப்போனவர்கள் செருப்பில்லாமல் நடக்கவே கூடாது. திரும்பியதும் பாதத்தைப் பாருங்கள். நெஞ்சு வலித்தால் நின்றுவிடுங்கள், டாக்டரிடம் ஓடுங்கள்.

தெருவில் லாரியும் தூசியுமா? என் சின்ன நாத்தனார் மொட்டை மாடியிலேயே சுற்றுகிறாள். இப்போது கூடவே நாலு பேர்!