அடுப்பங்கரை வரலாறு – 17: சங்கொலிக்கு ஏற்ற சமையல்

கோலார் தங்கவயலில் ஒரு குடும்பம் எந்த வேளையில் உண்ண வேண்டும் என்பதை ஏறத்தாழ 120 ஆண்டுக்காலம் சுரங்கத்தின் சங்கே முடிவு செய்தது. இலண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் 1880ஆம் ஆண்டில் அங்கே கால் பதித்த நாள் தொட்டு, பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டது வரையில், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம், ஊரிகம், நந்திதுர்க்கம் ஆகிய சுரங்கப் பகுதிகளில் வேலை இரவு பகலாக ஷிப்டு முறையில் நடந்தது. ஒரே வீட்டில் தந்தை ஒரு ஷிப்டிலும் மகன் மற்றொரு ஷிப்டிலும் இறங்க நேர்ந்தபோது, எல்லோரும் ஒருசேர உட்கார்ந்து உண்ணும் வேளை என்பது அந்தக் குடும்பத்துக்கு அரிய பொருளாயிற்று. தங்கவயல் வீடுகளில் எந்த உணவு மனத்துக்கு இதமானதாகக் கருதப்பட்டது என்று ஆராய்வோர், அந்த உணவு வீட்டுக்கு வருபவனுக்காக எவ்வளவு நேரம் கெடாமல் காத்திருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டியிருக்கிறது.

சுரங்கத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களின் வறண்ட ஊர்களிலிருந்து புறப்பட்ட தமிழர்கள். அவர்களுள்ளும் மிகப் பெரும் பகுதியினர் ஆதிதிராவிடர். 1911இல்தான் வட ஆர்க்காட்டிலிருந்து சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்தது என்பதால், தெலுங்கு பேசிய குடும்பங்கள் பலவும் அதே நிலப்பரப்பின் பழக்கங்களோடு வந்து சேர்ந்தன. தங்கவயலுக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் நீர்த்தேக்கம் பாலாற்றின்மீது கட்டப்பட்டது. அதே பாலாறுதான் கீழே வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக அவர்கள் விட்டு வந்த ஊர்களுக்கும் போகிறது. மண்ணும் பெரிதாக மாறவில்லை. கோலாரும் வட ஆர்க்காட்டைப் போலவே மானாவாரிக் கேழ்வரகு விளையும் சீமை. ஆகவே புலம்பெயர்ந்தவர்கள் பிற இடங்களில் இழக்க நேரும் முதற்பொருளாகிய தங்கள் தானியத்தை இவர்கள் இழக்கவில்லை.

அந்தத் தானியத்தின் தலையாய உணவு களி. கொதிக்கும் தண்ணீரில் அரிசி நொய்யைக் குழைய வேகவிட்டு, அதன்மேல் கேழ்வரகு மாவைக் குவியலாகக் கொட்டி, நடுவில் துடுப்பால் ஒரு குழி செய்து, மாவுக்குள் ஆவி ஏறும்வரை சிறு தீயில் விட்டு, பிறகு பாத்திரத்தை இரு காலுக்கிடையில் இறுக்கிக்கொண்டு கட்டி தட்டாமல் கிண்டி, கையில் தண்ணீர் தொட்டு உருண்டையாக உருட்டுவது வட ஆர்க்காட்டு முறை. நொய் சேர்க்காமல் மாவை மட்டும் வைத்துக் கிண்டும் கன்னட நாட்டு முறையும் காலப்போக்கில் இதனோடு கலந்துவிட்டது. உருண்டையைப் பல்லில் படாமல், குழம்பில் தோய்த்து விழுங்குவதே மரபு. தொட்டுக்கொள்ளக் கீரைக் கடைசலோ, கருவாட்டுக் குழம்போ, கொள்ளுச் சாறோ இருக்கும். வயிற்றில் நெடுநேரம் நிற்கும் உணவு என்பதால், கடப்பாரையும் துளைக்கருவியும் பிடிப்பவருக்கு அது ஏற்றதாக இருந்தது. ஆயினும் களிக்கு ஒரு பிடிவாதம் உண்டு: அது காத்திருக்காது. ஆறினால் தோல் கட்டும், இறுகும், குழம்போடு ஒட்டாது. எனவே ஷிப்டு முடிந்து கூண்டு மேலே வரும் நேரத்தையும், அதில் வந்தவர் லைன் வீட்டுக்கு நடந்து வரும் நேரத்தையும் கணக்கிட்டு மாவைக் கொட்டுவது, அந்த வீடுகளின் பெண்கள் கற்றிருந்த தனித் திறமையாக அமைந்தது. லைன் என்பது தொழிலாளர்களுக்காக நிறுவனம் வரிசை வரிசையாகக் கட்டிவிட்ட சிறு வீடுகளின் தொகுதி. சுவர் ஒட்டிய அந்த வீடுகளில் ஒருத்தி களி கிண்டும் ஓசை அடுத்தவளுக்குக் கேட்கும் என்பதால், இந்தக் கணக்கு ஒரு வீட்டின் கணக்காக மட்டும் இருந்திருக்க முடியாது. சுரங்கத்தில் விபத்து நிகழ்ந்து கூண்டு குறித்த நேரத்தில் மேலே வராத நாளில், இறுகிப்போன களி எத்தனை அடுப்படிகளில் அச்சத்தின் முதல் அடையாளமாக இருந்திருக்கும் என்பதை எந்த ஆவணமும் பதிவு செய்யவில்லை. அந்த மௌனம் வரலாற்றெழுத்தின் குறையே தவிர, நிகழ்வின் சிறுமை அன்று.

களிக்கு நேர்மாறானது கூழ். அது காத்திருப்பதாலேயே சுவை பெறும் உணவு. முதல் நாள் கரைத்து வைத்த மாவு இரவெல்லாம் புளித்து, மறுநாள் நொய்யோடு வெந்து, மீண்டும் ஓர் இரவு கிடந்து, பிறகு மோரும் உப்பும் சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்கப்படும்போது, எந்த ஷிப்டுக்காரர் எந்த நேரத்தில் வந்தாலும் ஒரு சொம்பு தயாராக இருக்கும். 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் அடித்தளங்களில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டியது. அந்த வெக்கையில் எட்டு மணி நேரம் வியர்த்து உப்பிழந்து வருகிற உடலுக்கு, நீரும் உப்பும் புளிப்பும் ஒருங்கே தரும் கூழைவிடப் பொருத்தமான ஒன்றை எந்த மருத்துவரும் எளிதில் பரிந்துரைத்திருக்க முடியாது. வட ஆர்க்காட்டில் அது ஆடி மாதத்து அம்மன் பிரசாதமாகவும் ஏழையின் காலை உணவாகவும் இருந்தது. தங்கவயலில் அதனோடு ஒரு தொழிற்பயனும் சேர்ந்துகொண்டது.

ஆண்டில் ஒரு பருவத்தில் மட்டும் குடும்பம் முழுதும் ஒரே பாத்திரத்தைச் சுற்றி உட்கார நேர்ந்தது. மார்கழி, தை மாதங்களில் கோலார்ப் பகுதி முழுதும் பச்சை மொச்சை வந்து குவியும். தங்கவயல் தமிழர் கன்னட வழக்கைப் பின்பற்றி அதை அவரை என்றே சொல்வதுண்டு. பனி இறங்கும் காலத்தில் அதன் காய்த்தோலில் பிசுபிசுப்பான ஓர் எண்ணெய் ஊறி, கையில் எடுத்தாலே மணம் ஒட்டிக்கொள்ளும். வாங்குவோர் முதலில் காயை முகர்ந்து பார்ப்பது அதனால்தான். உரித்த கொட்டைகளை இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஒவ்வொன்றாக விரல்களுக்கிடையில் பிதுக்கினால் மேல்தோல் கழன்று, உள்ளே இருக்கும் இளம்பச்சைப் பருப்பு இரண்டாகப் பிளந்து விழும். இதுவே பிதுக்கப்பருப்பு. தேங்காய், கொத்தமல்லி, இஞ்சி, பூண்டு, பட்டை, இலவங்கம் ஆகியவற்றை வதக்கி அரைத்துச் சேர்க்கும் இதன் குழம்பு களிக்கும் ஏற்றது, இட்லிக்கும் பூரிக்கும் ஏற்றது. ஒரு வீட்டுக்குப் போதுமான பருப்பைப் பிதுக்க ஓர் ஆளால் முடியாது. பாட்டியும் பள்ளிப் பிள்ளைகளும் ஷிப்டு முடிந்து ஓய்விலிருக்கும் ஆணும் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்ந்தால்தான் வேலை நகரும். விலையுயர்ந்த பொருள் ஒன்றுகூட இல்லாத இந்தக் குழம்பு விருந்துக்குரிய மதிப்பைப் பெற்றதற்கு, அதில் கலந்திருக்கும் இத்தனை கைகளின் உழைப்பைத் தவிர வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

லைன் வீடுகளுக்கு அப்பால் பங்களாக்கள் இருந்தன. சுரங்கத்தின் மேல்நிலைப் பணிகளில் ஆங்கிலேயரும், அவர்களுக்கு அடுத்த படியில் ஆங்கிலோ இந்தியரும் அமர்த்தப்பட்டார்கள். ‘குட்டி இங்கிலாந்து’ என்று ஊருக்கு வழங்கிய பெயர் அந்தத் தெருக்களைப் பற்றியதேயன்றி லைன்களைப் பற்றியதன்று. அந்தப் பங்களாக்களின் சமையலறைகளில் வேலை செய்தவர்களும் தமிழர்கள் என்பதால், இரு சமையல்களும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கவில்லை. ஆங்கிலோ இந்தியர் வீட்டு அன்றாட உணவாகிய பெப்பர் வாட்டர், புளியும் தக்காளியும் மிளகும் சீரகமும் சேர்ந்து பூண்டுத் தாளிப்போடு வருகிற ரசமே. அதைச் சோற்றில் ஊற்றி வறுத்த இறைச்சியோடு உண்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேங்காய்ப்பாலில் மஞ்சள் சேர்த்து வடித்த சோறும், கொத்திய இறைச்சியை உருட்டிக் குழம்பிலிட்ட பால் கறியும் அந்தக் குடும்பங்களை ஒன்றுசேர்த்தன. இங்கே ‘பால்’ என்பது உருண்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். கறவைப் பாலுக்கு அதில் இடமில்லை.

மாட்டிறைச்சி இவ்விரு உலகங்களுக்கும் பொதுவாக இருந்தது. கிறிஸ்துமசுக்கு முன்னர் இறைச்சித் துண்டத்தில் உப்பும் எலுமிச்சையும் தேய்த்து நாள்கணக்கில் ஊறவைத்துப் பின் வேகவைப்பது ஆங்கிலோ இந்தியர் வழக்கம். இறைச்சியைக் கீற்றாக அரிந்து மஞ்சளும் உப்பும் தடவிக் கயிற்றில் கோத்து வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டம் தமிழ் உழைப்பாளர் வழக்கம். இரண்டுமே வாரக்கணக்கில் காத்திருக்கும் உணவுகள். 2020ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டம், 13 வயதைக் கடந்த எருமை நீங்கலாக எந்த மாட்டினத்தையும் இறைச்சிக்காக வெட்டக்கூடாது என்று தடை செய்த பின்னர், இந்த இரு மரபுகளும் ஒரே அடியில் நெருக்கடிக்கு உள்ளாயின. ஒரு சமூகம் தலைமுறைகளாகப் பண்டிகை நாளில் பரிமாறிய உணவு சட்டத்தின் எல்லைக்குட்படுவது அடுப்படியோடு முடிந்துவிடும் செய்தி அன்று.

கிறிஸ்துமஸ் பலகாரங்களில் லைனுக்கும் பங்களாவுக்கும் இருந்த தூரம் மேலும் குறைந்தது. மைதா, ரவை, முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை சேர்த்துப் பிசைந்த மாவைச் சிறு உருண்டைகளாக்கி, முள்கரண்டியின் முதுகிலோ புதுச் சீப்பிலோ அழுத்திச் சுருட்டி, எண்ணெயில் பொரித்துச் சர்க்கரைப் பாகில் புரட்டுவது கல்கல். அச்சுமுறுக்குக்கு, பூ வடிவான இரும்பு அச்சை எண்ணெயிலேயே காயவைத்து, அரிசிமாவுக் கரைசலில் முக்கால் பங்கு மட்டும் தோய்க்க வேண்டும். முழுக்கத் தோய்த்தால் மாவு அச்சின் மேற்புறத்தையும் மூடிக்கொள்ளும், பூ கழன்று விழாது. பிதுக்கப்பருப்பைப் போலவே கல்கலும் பல கைகளைக் கேட்பது. தகர டின்னில் அடைத்துவிட்டால் இரவு ஷிப்டுக்காரரின் பங்கும் நெடுநாள் பத்திரமாக இருக்கும்.

தீபாவளிப் பலகாரத்துக்குத் தங்கவயலில் வேறொரு பொருளும் வழங்கியது. 1907இல் சென்னையில் தமிழ்ப் பௌத்தச் சிந்தனையாளர் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘தமிழன்’ வார இதழுக்கு மாரிக்குப்பம் பௌத்த சங்கத்தார் உறுதியான வாசகர்களாக இருந்தனர். பண்டிதர் 1914இல் மறைந்த பின், பிற்காலத்தில் ஜி. அப்பாதுரையார் அவ்விதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தினார். தீபாவளி என்பது பௌத்தர்கள் எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்டறிந்ததைக் கொண்டாடிய நாள் என்பது பண்டிதரின் விளக்கம். வரலாற்றுச் சான்றாக அதை ஏற்பதா என்பது வேறு விவாதம். ஆனால் ஒரு பண்டிகையின் மையத்தில் போரையும் வதத்தையும் அகற்றிவிட்டு, மனிதர் கண்டறிந்த ஓர் உணவுப்பொருளை வைத்த அந்தச் சிந்தனை, நல்லெண்ணெயில் பலகாரம் சுடும் சட்டிக்கு எத்தகைய கண்ணியத்தைத் தந்தது என்பதை உணவின் வரலாறு எழுதுவோர் கடந்து போகலாகாது.

யுகாதிக்குச் செய்யும் ஒப்பட்டு கன்னட, தெலுங்கு அயலாரிடமிருந்து தமிழ் வீடுகளுக்கு வந்தது. தமிழகத்தில் போளி எனப்படும் இதைச் செய்ய வேகவைக்கும் பருப்பின் வடிநீர் இங்கே கொட்டப்படுவதில்லை. அதில் சிறிது பூரணமும் புளியும் மிளகாய்ப்பொடியும் அரைத்த தேங்காயும் சேர்ந்து ஒப்பட்டுச் சாறு என்னும் இனிப்பும் காரமும் கலந்த ரசமாகிறது. அன்றைவிட மறுநாள் காய்ச்சும்போது அதன் சுவை கூடும் என்பதால், பண்டிகையன்று ஷிப்டில் இருந்தவருக்கு உண்மையில் பெரிய நட்டம் ஒன்றும் நேர்வதில்லை.

1956இல் சுரங்கங்கள் மைசூர் அரசின் உடைமையாயின. அந்த ஆண்டுகளை ஒட்டி ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பல இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் புறப்பட்டன. அவர்கள் சமையலுக்கு ஓர் எழுத்தாளர் கிடைத்தார். தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் ஒயிட்-குமார், ஆங்கிலோ இந்தியச் சமையலைப் பற்றிப் பல நூல்களை எழுதி, அளவும் முறையும் பிசகாமல் அந்த உணவுகளை அச்சில் நிறுத்தியிருக்கிறார். ஊரின் நினைவுகளையும் தனி நூலாகத் தந்திருக்கிறார். லைன் வீட்டுச் சமையலுக்கு அத்தகைய ஒரு நூல் தேவை, அதுவும் தாமதமின்றித் தேவை. ஏனெனில் களியின் பதமும் கூழின் புளிப்பும் கைக்கணக்கால் கடத்தப்பட்டவை. அந்தக் கைகளுக்கு இப்போது முதுமை வந்துவிட்டது.

சுரங்கம் மூடியபின் சங்கின் இடத்தை இரயில் எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு மாரிக்குப்பத்திலிருந்து விடியுமுன் புறப்படும் வண்டிகளில், தங்கவயலின் ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் வேலைக்குப் போய் இருட்டிய பிறகு திரும்புகிறார்கள். முன்பு அடுப்படியில் நேரம் கணித்த பெண்களில் பலரும் இன்று அந்தப் பெட்டிகளில் இருக்கிறார்கள்; எழுந்ததும் குக்கரில் வைக்கும் புளிச்சோறும் தக்காளிச்சோறும், பகலெல்லாம் டப்பாவில் கெடாமல் இருக்கும் காரணத்தால், களியின் இடத்தைப் பிடித்துவிட்டன. களி ஞாயிற்றுக்கிழமைக்கு நகர்ந்திருக்கிறது. வாரத்தில் அந்த ஒரு நாள் எல்லோரும் வீட்டில் இருப்பதால், கிண்டிய சூட்டிலேயே அதை உருட்டி எல்லார் தட்டிலும் வைக்க முடிகிறது.