பெட்டி மலையேறும், ஸ்கேன் ஏறாது

மனச்சிதைவு நோய்க்கு ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் சிலருக்குக் காதில் குரல் கேட்பது நிற்பதில்லை. அப்படிப்பட்டவர்களுக்கு மெல்லிய மின்சாரத்தால் மூளையைத் தூண்டும் சிகிச்சையை பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் கணேசன் வெங்கடசுப்பிரமணியன் குழுவினர் பல ஆண்டுகளாக ஆராய்கிறார்கள். இந்தச் சிகிச்சைக்கு டி.டி.சி.எஸ். என்று பெயர்.

கருவி சின்னதுதான். உப்புத் தண்ணீரில் நனைத்த பஞ்சுக்குள் இரண்டு மின்தகடுகள். ஒன்று இடப்பக்க முன்தலையில், மற்றது இடது காதுக்கு மேலே சற்றுப் பின்னால். 2 மில்லி ஆம்பியர், 20 நிமிடம். தோலில் கொஞ்சம் குறுகுறுக்கும். பேட்டரியில் ஓடுவதால் கல்வராயன் மலையில் வெள்ளிமலை வரைகூடக் கையில் எடுத்துப் போகலாம்.

ஆனால் அந்த மின்சாரம் மூளைக்குப் போய்ச் சேருகிறதா? 2018இல் ஹங்கேரி ஆய்வாளர்கள் இறந்தவர்களின் உடலில் அளந்து பார்த்தார்கள். ஏறக்குறைய முக்கால் பங்கு தோலிலும் மண்டையோட்டிலுமே கழிந்துவிடுகிறது. மிச்சம் என்ன செய்கிறது என்று பார்க்கத்தான் எஃப்.எம்.ஆர்.ஐ. ஸ்கேன் வேண்டும்.

மூளையின் ஒரு பகுதி சுறுசுறுப்பானால் ஆக்சிஜன் நிறைந்த ரத்தம் அங்கே கூடுதலாகப் பாயும். அதைக் காந்தத்தால் கண்டுபிடிக்கலாம் என்று 1990இல் காட்டியவர் ஜப்பானியரான செய்ஜி ஒகாவா. வாய்க்காலில் தண்ணீர் போவதைப் பார்த்து எந்த வயலில் பாய்ச்சல் நடக்கிறது என்று ஊகிப்பது மாதிரிதான் இது. ரத்தம் உச்சத்தைத் தொடவே ஐந்தாறு நொடி ஆகும்.

ஸ்கேனுக்குள் படுக்கவைத்தே மூளையைத் தூண்டுவது பெரும்பாடு. சாதாரண வயர் சூடேறித் தோலைச் சுட்டுவிடும். அதற்கென்றே செய்த வயர் வேண்டும். 1985இல் ஷெஃபீல்டில் ஆந்தனி பார்க்கர் உருவாக்கிய, காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டும் டி.எம்.எஸ். முறை இன்னும் சிக்கல். அதுவே காந்தச் சுருள். அதன் துடிப்பு படத்தைக் கெடுத்துவிடும். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் கிடைக்கும் இடைவெளியில்தான் துடிப்பைக் கொடுக்க வேண்டும்.

சிவப்பும் மஞ்சளுமாக வரும் படத்தைப் பார்த்து மயங்கவும் கூடாது. அந்த நிறங்கள் கணக்குப் போட்டுப் பூசியவை. ஆய்வில் ஒரு சாராருக்குப் போலித் தூண்டல் கொடுப்பார்கள். தொடக்கத்தில் குறுகுறுத்ததும் மின்சாரத்தைச் சத்தமில்லாமல் நிறுத்திவிடுவார்கள். அவர்கள் படத்துக்கும் மற்றவர்கள் படத்துக்கும் வித்தியாசம் இருந்தால்தான் நம்பலாம். போலித் தூண்டலோடு ஒப்பிடாத ஆய்வை நான் பொருட்படுத்துவதில்லை.

பல டன் எடையுள்ள ஸ்கேன் மலையேறப் போவதில்லை. அதற்காக, சின்னக் கருவிதானே என்று இணையத்தில் விற்கிற தூண்டல் கருவியை வாங்கி வீட்டில் தலையில் மாட்டிப் பார்க்காதீர்கள். குரல் கேட்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால் அரசின் டெலி-மனஸ் எண் 14416ஐக் கூப்பிடுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.